பிசுபிசுத்துப் போன டோர் பிடி, ஏசி வென்ட் கோட்டிங்: உரிக்கிறதும் மறுபடி அடிக்கிறதும் (புதுச்சேரி, கடலூர் ஈரக்காத்துக்கு)

#1 முத்தியால்பேட்டை_11

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2012 மாடல் செடான். நாலு டோர்லயும் இழுக்குற பிடி, டிரைவர் பக்க ஜன்னல் சுவிட்ச் பேனல், நடு ஏசி வென்ட்டைச் சுத்தின சட்டம், எல்லாத்துலயும் ரப்பர் மாதிரி மெத்துன்னு ஒரு கறுப்பு கோட்டிங். இப்ப தொட்டா விரல் ஒட்டுது, நகம் பட்டா வரி விழுது, டிஷ்யூவால துடைச்சா டிஷ்யூவே அதுல ஒட்டிக்குது. கியர் பக்கத்து வெள்ளி கலர் சட்டம் ஒட்டல, ஆனா ஓரத்துல செதில் செதிலா உரியுது. வீடு கடல்ல இருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள.

ஒட்டுறதை எதை வெச்சு எடுக்கணும்? கடையில தின்னர் போதும்ங்கறாங்க. எடுத்த பிறகு பெயிண்ட் கட்டாயம் அடிக்கணுமா? அடிக்கணும்னா ஸ்ப்ரே கேன் போதுமா, கன் வேணுமா? ஐப்பசி மழைக்கு முன்னாடி முடிச்சிடலாம்னு பார்க்கிறேன்.

#2 பட்டி_பிளேடு

தின்னரைத் தொடாதீங்க. மத்ததெல்லாம் அப்புறம்.

கார் பெயிண்ட் கடையில கிடைக்கிற என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர்ல டொலுயின், அசிட்டோன், அசிடேட் வகை கரைப்பான்கள் கலந்திருக்கும். கோட்டிங்குக்குக் கீழ இருக்குற பிளாஸ்டிக் ஏபிஎஸ்-ஆ (ABS-ங்கற கெட்டி பிளாஸ்டிக் வகை, பிரேக் ஏபிஎஸ் இல்ல) இருந்தா தின்னர் அதையும் சேர்த்துக் கரைக்கும். தேய்ச்ச உடனே பளிச்னு இருக்கும், காய்ஞ்சதும் மேல்பரப்பு மங்கி, தோல் மாதிரி அச்சாகியிருக்குற வரியெல்லாம் மழுங்கிப் போயிருக்கும். அதைத் திரும்பக் கொண்டுவர வழியே கிடையாது. ஹார்டுவேர் கடை பெயிண்ட் ரிமூவரும் இதே கதைதான், இன்னும் வேகமா.

#3 வேதிக்குடுவை

ஏன் ஒட்டுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி குழப்பம் தீரும். இந்த மெத்தென்ற கோட்டிங் பாலியூரித்தேன் வகை. அதன் மூலக்கூறுச் சங்கிலியில் உள்ள எஸ்டர் பிணைப்புகளைக் காற்றின் ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கிறது. நீராற்பகுப்பு என்று பள்ளியில் படித்தோமே, அதேதான். நீளமான சங்கிலி துண்டு துண்டாகும்போது கெட்டியான படலம் பிசினாக மாறுகிறது. வெப்பம் சேர்ந்தால் வேகம் கூடும். மூடிய வண்டி வெயிலில் நிற்கும்போது உள்ளே சூடும் ஈரமும் சேர்ந்தே இருக்கும். கையில் இருக்கும் வியர்வை, சன்ஸ்கிரீன், சானிடைசர் ஆகியவையும் சேர்வதால் பிடி மற்ற இடங்களை விட முன்னதாகவே கெடுகிறது.

எனவே அதை மறுபடி கெட்டியாக்க முடியாது. முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவினால் இரண்டு நாள் ஒட்டாது, பிறகு பவுடரும் பிசினும் சேர்ந்து களிம்பாகும். தேங்காய் எண்ணெய் தேய்த்தால் ஒட்டுவது குறைந்த மாதிரி இருக்கும், ஆனால் எண்ணெய் இடுக்குகளில் தங்கிப் பிறகு அடிக்கும் பெயிண்டைக் கெடுக்கும். ஒட்டுகிற கோட்டிங் மேலேயே புது பெயிண்ட் அடிப்பது இதையெல்லாம் விட மோசம். அடித்தளமே நகர்ந்துகொண்டிருக்கும்போது மேல் படலம் சுருங்கும், விரியும், உரியும். முழுக்க எடுப்பது ஒன்றே வழி.

வெள்ளிச் சட்டம் வேறு வகை நோய். அது சாதாரண பெயிண்ட், பிடிப்பு விட்டுப்போய் உரிகிறது. அதற்கான வேலையும் வேறு.

#4 கெடிலக்கரை

எதுல கை வெக்கிறதுக்கு முன்னாடியும் பாகத்தைக் கழட்டிப் பின்பக்கம் பாருங்க சார். ரெண்டு அம்புக்குறிக்கு நடுவுல சின்னதா எழுத்து அச்சாகியிருக்கும். ஏபிஎஸ் (ABS), பிசி+ஏபிஎஸ் (PC+ABS, பாலிகார்பனேட் கலந்தது), பிபி (PP, பாலிபுரொப்பிலீன்), பிஏ6 (PA6, நைலான்) இப்படி. பிபி-க்குப் பக்கத்துல டி20 (T20 இல்ல TD20)-ன்னு இருந்தா 20 சதவீதம் டால்க் கலந்த பாலிபுரொப்பிலீன்னு அர்த்தம். எந்தக் கரைப்பான், எந்த பிரைமர் (பெயிண்டுக்கு முன்னாடி அடிக்கிற அடிப்பூச்சு) எல்லாமே இந்த எழுத்தை வெச்சுத்தான்.

தண்ணியில போட்டு மிதக்குதான்னு பார்க்கச் சொல்வாங்க. சுத்தமான பிபி மிதக்கும், ஏபிஎஸ் மூழ்கும், அது சரிதான். ஆனா டால்க் அதிகமா கலந்த பிபியும் மூழ்கிடும். கார் உள்பாகத்துல வர்ற பிபி நிறைய டால்க் கலந்ததுதான், அதனால இந்தச் சோதனையை நம்பி இறங்காதீங்க. எழுத்து இல்லன்னா பின்பக்க ஓரத்துல பிளேடால ஒரு சீவல் எடுங்க. மெழுகு மாதிரி வழவழன்னு சுருண்டு நீளமா வந்தா பிபி. உடைஞ்சு உடைஞ்சு தூளா வந்தா ஏபிஎஸ் பக்கம்.

#5 மஞ்சக்குப்பம்_கேரேஜ்

கழட்டுறதைப் பத்தி.

பேட்டரி நெகட்டிவ் முனையைக் கழட்டி 10 நிமிஷமாவது விட்டுட்டுத்தான் ஆரம்பிக்கணும். மஞ்சள் கலர் கனெக்டர் எங்க தெரிஞ்சாலும் அது ஏர்பேக் லைன், அதைத் தொடக் கூடாது, மீட்டர் வெச்சு அளக்கவும் கூடாது. ஸ்டீயரிங் நடு மூடி, டேஷ்போர்டுல பயணி பக்க ஏர்பேக் மூடி, ஜன்னல் பக்கம் திரை மாதிரி இறங்குற கர்ட்டன் ஏர்பேக் இருக்குற வண்டியில பில்லர் கவர் (கண்ணாடி ஓரத் தூண் மூடி), இந்த மூணுக்கும் பெயிண்ட் வேலையே வேண்டாம். அந்த மூடி குறிப்பிட்ட கோட்டுல கிழிஞ்சு திறக்குற மாதிரி செஞ்சது. மேல கெட்டியா ஒரு படலம் ஏறினா திறக்குறது மாறலாம், துண்டு துண்டா தெறிக்கலாம். அழகுக்காக அந்த ரிஸ்க் எடுக்கவே கூடாது.

டோர் பிடிக்குள்ள மூடி போட்டு ஒரு ஸ்க்ரூ ஒளிஞ்சிருக்கும், அதைப் பார்க்காம இழுத்துத்தான் நிறைய பேர் உடைக்கிறாங்க. ஸ்க்ரூ டிரைவரால நெம்பாதீங்க, பிளாஸ்டிக் நெம்புகோல் செட் வாங்கிக்கங்க. இல்லன்னா மரக் கரண்டிக் காம்பைச் சீவி வெச்சுக்கங்க. 10 வருஷத்துக்கு மேல வெயில்ல நின்ன வண்டியில கிளிப் மொறமொறன்னு ஆகியிருக்கும், டோருக்கு ரெண்டு மூணு போகும். அதே அளவு கிளிப் 10 முன்கூட்டியே வாங்கி வெச்சுட்டு ஆரம்பிங்க. பாகத்துல மாட்டியிருக்குற ஸ்க்ரூ, உலோகக் கிளிப் எல்லாத்தையும் கழட்டிட்டுத்தான் கரைப்பான் படணும். இறுக்கத்துல இருக்குற பிளாஸ்டிக்ல கரைப்பான் பட்டா ஸ்க்ரூ ஓட்டையைச் சுத்தி முடி மாதிரி விரிசல் ஓடும்.

#6 பட்டி_பிளேடு

உரிக்கிற முறை. நாலு பிடி, ஒரு சுவிட்ச் பேனல், ஒரு வென்ட் சட்டம், இந்த அளவுக்கு வேண்டியது: ஐசோபுரோபைல் ஆல்கஹால் 1 லிட்டர் (99 சதவீதம், கெமிக்கல் கடையில கேளுங்க), நைட்ரைல் கையுறை ஒரு டஜன், மைக்ரோஃபைபர் துணி 6, பழைய டூத் பிரஷ் 2, பழைய ஏடிஎம் கார்டு 1, டிஷ்யூ ரோல், சமையலறை ஒட்டுப் படலம் ஒரு ரோல். கை சானிடைசரை ஆல்கஹாலுக்குப் பதிலா ஊத்தாதீங்க, அதுல கிளிசரின் இருக்கும், பிளாஸ்டிக் மேல தங்கிடும்.

காத்தோட்டமான இடம், நிழல். பக்கத்துல அடுப்பு, விளக்கு, ஊதுவத்தி எதுவும் எரியக் கூடாது.

பாகத்தை முதல்ல பாத்திரம் கழுவுற திரவத்துல கழுவிக் காய வைங்க. டிஷ்யூவை ஆல்கஹால்ல நனைச்சு பாகத்தைச் சுத்திப் போர்த்தி, மேல ஒட்டுப் படலத்தைச் சுத்துங்க. இல்லன்னா நம்ம ஊர்க் காத்துல ரெண்டு நிமிஷத்துல ஆவியாயிடும். 10 நிமிஷம். பிரிச்சுப் பார்த்தா கோட்டிங் காய்ச்சின பால் மேல ஆடை சுருங்குற மாதிரி சுருக்கம் விழுந்து தூக்கி நிக்கும். அந்த நேரம்தான் முக்கியம். கார்டு ஓரத்தைச் சாய்ச்சு ஒரே திசையில தள்ளுனா சுருள் சுருளா வரும். தாமதிச்சா மறுபடி இறுகி தார் மாதிரி இழுபடும். அப்படி ஆயிட்டா தேய்க்காதீங்க, மறுபடி நனைச்சுப் போர்த்துங்க.

வரி வரியா டெக்ஸ்சர் இருக்குற இடத்துல கார்டு போகாது. டூத் பிரஷ்ஷை ஆல்கஹால்ல தோய்ச்சு வட்டமா தேய்ச்சு, கரைஞ்சது காயறதுக்குள்ள துணியால ஒத்தி எடுக்கணும். துணியை மடிச்சு மடிச்சு சுத்தமான பக்கத்தையே உபயோகிங்க. அழுக்கான பக்கத்தாலயே துடைச்சா பிசினை ஒரு இடத்துல இருந்து எடுத்து இன்னொரு இடத்துல பூசுறதுதான் மிச்சம். ஒரு பிடிக்கு 40 நிமிஷம் ஆகும், அவசரப்பட வேண்டாம். பிசி கலந்த பாகத்தை 10 நிமிஷத்துக்கு மேல ஊற விடாதீங்க, தேவைப்பட்டா ரெண்டு மூணு தடவையா செய்ங்க.

மரப்பிடி சுரண்டி, இரும்பு நார், எமரி ஷீட் எதுவும் இந்தக் கட்டத்துல வேண்டாம்.

#7 ஒதியஞ்சாலை

தின்னரை இவ்வளவு பயப்படத் தேவையில்லன்னு நினைக்கிறேன். பிபி பாகத்துல துணியில தொட்டு வேகமா ஒரு இழுப்பு இழுத்தா ஒண்ணும் ஆகாது, வேலை அஞ்சு நிமிஷத்துல முடியும். ஆல்கஹாலுக்கு ரெண்டு நாள் ஆகுது. இன்னொண்ணு, பிரேக் ஆயில்ல ஊற வெச்சா பெயிண்ட் கழண்டு வரும்னு மாடல் கார் பண்றவங்க சொல்றாங்களே, அது உள்பாகத்துக்கு ஆகாதா?

#8 வேதிக்குடுவை

பிபி தின்னரைச் சிறிது நேரம் தாங்கும் என்பது உண்மை. ஆனால் மெத்தென்ற கோட்டிங் ஏபிஎஸ் மீதும் பிசி+ஏபிஎஸ் மீதும்தான் பெரும்பாலும் இருக்கும், பிபி மீது பெயிண்ட் ஒட்ட வைப்பதே சிரமம் என்பதால் அதைக் கலர் கலந்து அச்சிலேயே வார்த்துவிடுவார்கள். எனவே நீங்கள் சொல்லும் வசதி எங்கே தேவையோ அங்கே கிடைக்காது.

பிரேக் ஆயில் டாட் 3, டாட் 4 ஆகியவை கிளைகால் ஈதர் வகை. பழைய பெயிண்டை மெதுவாகத் தளர்த்தும், ஏபிஎஸ் அதைத் தாங்கலாம், ஆனால் உறுதி சொல்ல முடியாது. பாலிகார்பனேட் கலந்த பாகத்தை விரிசல் விட வைக்கும். பாகத்தின் இடுக்கில் தங்கியது பிறகு கசிந்து புது பெயிண்டைத் தூக்கும். வண்டியின் வெளிப் பெயிண்டில் ஒரு சொட்டு விழுந்தாலும் அங்கே கொப்பளிக்கும். அந்த வெள்ளிச் சட்டத்தின் பெயிண்ட் ஆல்கஹாலுக்கு அசையாவிட்டால் அதற்கு மட்டும், அது தனி ஏபிஎஸ் என்று உறுதியானால், ஒரு தட்டில் சில மணி நேரம் போட்டுப் பார்க்கலாம். டாட் 5 என்று எழுதிய புட்டி மட்டும் வேண்டவே வேண்டாம், அது சிலிக்கோன். அது தொட்ட இடத்தில் பெயிண்ட் நிற்காது.

#9 முத்தியால்பேட்டை_11

கழட்டிப் பார்த்தேன். பிடி நாலும் ஏபிஎஸ். சுவிட்ச் பேனல் பிசி+ஏபிஎஸ். வென்ட் சட்டம் ஏபிஎஸ். வெள்ளிச் சட்டமும் ஏபிஎஸ். சுவிட்ச் பொத்தான் மேலயும் அதே ஒட்டுற கோட்டிங்தான், அதுல ராத்திரியில வெளிச்சம் வர்ற ஜன்னல் படம் இருக்கு. அதையும் இப்படியே எடுக்கலாமா?

#10 மஞ்சக்குப்பம்_கேரேஜ்

பொத்தானைத் தொடாதீங்க தம்பி!

அந்தப் பொத்தான் உள்ளுக்குள்ள வெள்ளையா, வெளிச்சம் ஊடுருவுற பிளாஸ்டிக். மேல கறுப்புக் கோட்டிங் அடிச்சு, படம் இருக்குற இடத்துல மட்டும் லேசரால கோட்டிங்கைச் சுட்டு எடுத்திருப்பாங்க. அதாவது படம்னு தனியா ஒண்ணு கிடையாது, கோட்டிங்ல இருக்குற ஓட்டைதான் படம். கோட்டிங்கை எடுத்தா படமும் சேர்ந்து போயிடும், பொத்தான் முழுக்க வெள்ளையா ராத்திரியில பல்பு மாதிரி எரியும். மேல கறுப்பு அடிச்சு ஸ்டிக்கர் ஒட்டினாலும் நகம் படுற இடம், நாலு மாசம் நிக்காது. ஆல்கஹாலை லேசா தொட்ட துணியால ஒரே தடவை மேலோட்டமா ஒத்துறதோட நிறுத்துங்க. ரொம்பக் கெட்டிருந்தா சுவிட்ச் செட்டையே மாத்துறதுதான் சரி. ஆடியோ பட்டன், ஏசி குமிழ் மேல இருக்குற படத்துக்கும் இதே விதிதான்.

உள் கைப்பிடி குரோம்ல உரியுதுன்னாலும் அதைச் சுரண்டாதீங்க. ஏபிஎஸ் மேல செம்பு, நிக்கல், குரோம்னு மின்முலாம் ஏத்தினது அது. உரியற ஓரம் பிளேடு மாதிரி விரலை அறுக்கும். பெயிண்டால மூட முடியாது, பாகத்தை மாத்தணும்.

#11 பட்டி_பிளேடு

ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். பெயிண்ட் கட்டாயம் இல்ல. சொல்லப்போனா பிடி நாலுக்கும் அடிக்கவே வேண்டாம்ங்கறது என் கருத்து.

கோட்டிங் முழுக்கப் போன பிறகு கீழ இருக்குற ஏபிஎஸ் பெரும்பாலும் கறுப்பாவே வார்த்ததா இருக்கும். கொஞ்சம் பளபளப்பு கூடத் தெரியும், மெத்துன்னு இருக்காது, அவ்வளவுதான். கை தினமும் படுற இடத்துல வெறும் பிளாஸ்டிக்கை விட நல்லா உழைக்கிற பெயிண்டை வீட்ல அடிக்க முடியாது. மோதிரம், வண்டிச் சாவி, வியர்வை எல்லாம் அங்கதான் படும். உரிச்சு, கழுவி, அப்படியே மாட்டுங்க. பெயிண்டை வெள்ளிச் சட்டத்துக்கும், கீழ வேற கலர் தெரிஞ்சா வென்ட் சட்டத்துக்கும் வெச்சுக்கங்க.

#12 ஒதியஞ்சாலை

இதை முழுக்க ஒத்துக்கிறேன். ஒரே ஒரு விஷயம் சேர்த்துக்கங்க: உரிச்ச பிறகு வார்ப்புக் கோடு, பிளாஸ்டிக் ஊத்தின இடத்துத் தழும்பு எல்லாம் வெளிய தெரியும், கோட்டிங் அதை மறைச்சிருக்கும். கண்ணுக்கு எட்டுற வென்ட் சட்டத்துல அது உறுத்தும்.

#13 உப்புக்காத்து

உரிக்கிறதை இப்பவே செய்ங்க. அடிக்கிறதை மாசிக்குத் தள்ளுங்கன்னு சொல்வேன்.

நம்ம கரையில ஈரப்பதம் கம்மின்னு ஒரு மாசத்தைச் சொல்லவே முடியாது. இருந்தாலும் ஐப்பசி, கார்த்திகை வடகிழக்குப் பருவமழை, மார்கழி தை பனி, இதெல்லாம் தாண்டி மாசி பங்குனியில காலைப் பொழுது பெயிண்டுக்கு ஏத்தது. கேன்ல இருக்குற அக்ரிலிக் லாக்கர் கரைப்பான் வேகமா ஆவியாகும்போது பாகத்தோட மேல்பரப்பு குளிரும். காத்துல ஈரம் அதிகமா இருந்தா அந்தக் குளிர்ச்சியில பனித்துளி மாதிரி நீர் படிஞ்சு, பெயிண்டுக்குள்ள மாட்டிக்கும். கறுப்பு அடிச்சா மேல பால் தெளிச்ச மாதிரி வெளுக்கும். கிளியர் கோட்ல (கலருக்கு மேல அடிக்கிற நிறமில்லாத பூச்சு) வந்தா இன்னும் அசிங்கம். லேசா வெளுத்திருந்தா மெதுவா காயுற ரிடார்டர் தின்னரைப் புகை மாதிரி மேல தூவினா சரியாகும், ஆழமா போயிருந்தா தேய்ச்சு மறுபடிதான்.

சின்ன டிஜிட்டல் ஈரமானி ஒண்ணு வாங்குங்க. ஈரப்பதம் 70 சதவீதத்துக்குக் கீழ இருந்தா அடிக்கலாம். 75-ஐத் தாண்டினா கேனைக் கீழ வெச்சுடுங்க. பாகத்தோட சூடு பனிநிலையை (காத்துல இருக்குற ஈரம் நீரா படியத் தொடங்குற வெப்பநிலை) விட 3 டிகிரியாவது மேல இருக்கணும், அதனால ராத்திரி முழுக்க வெளியில இருந்த பாகத்தை எடுத்துக் காலையில உடனே அடிக்காதீங்க, அரை மணி நேரம் வெதுவெதுன்னு ஆகட்டும். காலை ஒன்பதரைக்கு மேல, கடல்காத்து திரும்புறதுக்கு முன்னாடி. மதியத்துக்கு மேல கிழக்குல இருந்து காத்து வந்துட்டா ஈரமும் உப்பும் சேர்ந்தே வரும். தேவனாம்பட்டினம், வைத்திக்குப்பம் மாதிரி கரையை ஒட்டின வீட்ல மாடியில வெச்சு அடிக்கவே அடிக்காதீங்க. கத்திரி வெயில்லயும் வேண்டாம், பெயிண்ட் துளி பாகத்துல விழுறதுக்கு முன்னாடியே காய்ஞ்சு எமரி ஷீட் மாதிரி சொரசொரன்னு உக்காரும்.

#14 பட்டி_பிளேடு

புரட்டாசியிலயும் மழை விட்ட நாள் காலையில 65-க்கு இறங்குறது உண்டு. மானி வெச்சுப் பார்த்து அடிச்சா தப்பில்ல. ஆனா உப்புக்காத்து சொன்ன எண்ணைத் தாண்டிப் போகாதீங்க.

வெள்ளிச் சட்டத்துக்கு வேலை வரிசை. பெயிண்ட் உரியற ஓரத்தை மட்டும் தேய்ச்சு மேல அடிக்கிற குறுக்குவழி வேண்டாம். பிடிப்பு விட்ட படலம் இன்னைக்கு இங்க, நாளைக்குப் பக்கத்துல. மொத்தமும் போகணும். முதல்ல கழுவிட்டு, மழுங்கலான சுரண்டியால உரியறதையெல்லாம் எடுத்துட்டு, மிச்சத்தைத் தண்ணி விட்டு 320, அப்புறம் 400 நம்பர் எமரி. ஏபிஎஸ் தெரியுற வரைக்கும். பிளாஸ்டிக் தெரிஞ்ச பிறகு 320-ஐத் தொடாதீங்க, அந்தக் கோடு மெட்டாலிக் பெயிண்ட்ல அப்படியே தெரியும். கடைசியா 600.

கழுவுங்க. கடைசி அலசலுக்கு போர் தண்ணி வேண்டாம். இங்க நிறைய இடத்துல போர் தண்ணி உப்பு, காய்ஞ்சா வெள்ளையா படிஞ்சு பெயிண்டுக்கு அடியில மாட்டிக்கும். பின்னாடி அந்த உப்பு ஈரத்தை இழுத்துக் கொப்புளம் எழுப்பும். பெட்ரோல் பங்க்ல கிடைக்கிற பேட்டரி தண்ணி (டிஸ்டில்டு வாட்டர், ஆசிட் இல்ல) ஒரு லிட்டர் போதும். அலசும்போதே சோதனை பண்ணிக்கலாம்: தண்ணி ஒரே படலமா வழிஞ்சா சுத்தம், முத்து முத்தா திரண்டா எண்ணெய்ப் பசை மிச்சமிருக்கு.

பிரைமர் (ஏபிஎஸ்ஸுக்குப் பிளாஸ்டிக் பிரைமர்) ரெண்டு மெல்லிசு கோட், நடுவுல 10 நிமிஷம். கேனை ரெண்டு நிமிஷம் குலுக்கணும், பாகத்துல இருந்து 20 முதல் 25 சென்டிமீட்டர் தூரம். பாகத்துக்கு வெளியில அழுத்தத் தொடங்கி வெளியில போய்த்தான் விடணும். ஒரு இழுப்பு அடுத்த இழுப்போட பாதி மூடணும். முதல் கோட்லயே மூடணும்னு நினைக்காதீங்க. முதல் கோட் தூவல் மாதிரி, கீழ இருக்குறது பாதி தெரியணும். பிரைமர் மறுநாள் 800-ல தண்ணி விட்டு லேசா. அப்புறம் வெள்ளி மூணு கோட், கடைசிக் கோட் கொஞ்சம் தூரத்துல இருந்து தூவலா. இல்லன்னா மெட்டாலிக் துகள் கும்பல் கும்பலா ஒதுங்கி மேகம் மாதிரி தெரியும். மேல கிளியர் ரெண்டு.

பளபளப்பு கிளியர் வேண்டாம், மேட் இல்லன்னா சாட்டின். வெயில் பட்டு முன்கண்ணாடியில பிரதிபலிக்கும், ஓட்டும்போது கண்ணை அடிக்கும். மேட் கிளியர்ல மங்கலாக்குற தூள் அடியில தங்கும், அதனால அதைக் குலுக்குறதுல சோம்பல் கூடாது. ஒரு இடத்துல கனமா விழுந்தா அந்த இடம் மட்டும் மினுங்கும், அதைத் தேய்ச்சோ பாலீஷ் போட்டோ சரி பண்ண முடியாது, முழுப் பாகத்தையும் மறுபடிதான் அடிக்கணும்.

இந்த ரெண்டு சட்டத்துக்கும் 400 மில்லி கேன் ஒவ்வொண்ணும் ஒண்ணு தாராளம், மிச்சமே இருக்கும்.

#15 கெடிலக்கரை

இந்த இழையைப் படிக்கிற மத்தவங்களுக்காக, பாகம் பிபி-யா இருந்தா என்னன்னு சொல்லிடறேன். பிபி-க்கு சாதாரண பிரைமர் ஒட்டவே ஒட்டாது. மறுநாள் டேப் ஒட்டி இழுத்தா ஆடை மாதிரி முழுசா கையோட வரும். அதுக்குன்னு பிடிப்பு பிரைமர் தனியா இருக்கு, நிறமில்லாம தண்ணி மாதிரி இருக்கும். பாகத்தை சாம்பல் ஸ்காட்ச்பிரைட்டால தேய்ச்சு மங்கலாக்கி (எமரி போட்டா பிபி நூல் நூலா பஞ்சு மாதிரி கிளம்பும்), கழுவி, அந்தப் பிரைமரை மெல்லிசா ஒண்ணு ரெண்டு கோட். கனமா அடிச்சா பலம் கூடாது, குறையும். அதைத் தேய்க்கவும் கூடாது. கேன்ல போட்டிருக்குற நேரத்துக்குள்ள அடுத்த பெயிண்ட் மேல விழணும். தேநீர் குடிச்சுட்டு வந்து அடிக்கலாம்னு விட்டா அதோட வேலை முடிஞ்சிருக்கும்.

தோல் வரி டெக்ஸ்சர் இருக்குற பாகத்துக்கு ஃபில்லர் பிரைமர் போடாதீங்க. வரியை நிரப்பி மொழுமொழுன்னு ஆக்கிடும்.

#16 ஒதியஞ்சாலை

கன் பத்தி யாரும் சொல்லல. ரெண்டு சட்டத்துக்காகக் கன் தேவையில்ல. முழு கன்சோல், டோர் பேனல் எல்லாம் அடிக்கிறதா இருந்தா 0.8 இல்ல 1.0 மில்லிமீட்டர் முனை இருக்குற சின்ன டச்-அப் கன், காத்தழுத்தம் ஒன்றரை முதல் 2 பார். பாடி அடிக்கிற 1.3 முனை உள்பாகத்துக்குப் பெருசு, ஓரத்துல வழிய விடும். இங்க முக்கியமானது கம்ப்ரஸர் தண்ணி. கடலோரக் காத்தை அழுத்தினா டேங்க்ல தண்ணி சீக்கிரம் சேரும். அரை மணிக்கு ஒரு தடவை அடி வால்வைத் திறந்து விடணும், கன்னுக்கு முன்னாடி நீர்ப்பொறி (காத்துல வர்ற தண்ணியைப் பிடிக்கிற வடிகட்டி) கட்டாயம். ஒரு துளி தண்ணி பெயிண்டோட வந்து விழுந்தா அந்தக் குழி கண்ணுக்குத் தெரியும்.

#17 வேதிக்குடுவை

2கே கிளியர் பற்றி ஒரு எச்சரிக்கை. கேனின் அடியில் உள்ள பொத்தானை அழுத்தியதும் ஹார்டனர் கலக்கும் வகை அது. அதில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சுக்குழாயைப் பாதிக்கும், ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு மிகக் குறைந்த அளவே ஆஸ்துமாவைக் கிளப்பும். துணி முகமூடியோ என்95-ஓ ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜும் துகள் வடிகட்டியும் உள்ள முகக்கவசம், கண்ணாடி, முழுக்கைச் சட்டை வேண்டும். மூடிய அறையிலும் கார் ஷெட்டிலும் வேண்டாம், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். உள்பாகத்தில் கை அதிகம் படாத சட்டம் என்றால் ஹார்டனர் இல்லாத சாதாரண கிளியரே போதுமானது.

எந்தக் கிளியர் ஆனாலும் அடித்த மறுநாளே வண்டியில் மாட்டாதீர்கள். தொட்டால் காய்ந்திருக்கும், உள்ளே கரைப்பான் மிச்சம் இருக்கும். 7 நாள் தகரக் கொட்டகை நிழலில் தூசு படாமல் வைத்திருந்து மாட்டினால், வெயிலில் நிறுத்திய வண்டியைத் திறக்கும்போது முகத்தில் அடிக்கும் அந்த வாடை இருக்காது.

#18 முத்தியால்பேட்டை_11

பிடி நாலும் உரிச்சாச்சு, கீழ கறுப்புதான், அப்படியே மாட்டப் போறேன். வரிக்குள்ள மட்டும் சாம்பல் பூத்த மாதிரி மங்கலா இருக்கு.

வென்ட் சட்டத்துக்கு அடியில பழுப்பு தெரிஞ்சது, அதனால அதுக்கு அடிக்கணும். பின்பக்கத்துல சோதனைக்குப் பிரைமர் அடிச்சேன், ஈரப்பதம் 64. அடிச்ச உடனே அங்கங்க சின்ன சின்ன வட்டமா பெயிண்ட் விலகி நடுவுல பிளாஸ்டிக் தெரியுது. எமரி 600 போட்டு, சோப்பு போட்டுக் கழுவித்தான் அடிச்சேன். என்ன தப்பு?

#19 பட்டி_பிளேடு

பெயிண்ட் இப்படி வட்டமா விலகுறதுக்குப் பேர் மீன்கண்ணு. அந்த சட்டத்துக்கு முன்னாடி டேஷ்போர்டு பாலீஷ் போட்டிருப்பாங்க, பளபளன்னு ஆக்குற அந்தத் திரவத்துல சிலிக்கோன் எண்ணெய் இருக்கும். கழுவுறதுக்கு முன்னாடி எமரி போட்டதுதான் தப்பு. கீறலுக்குள்ள சிலிக்கோனை நீங்களே தேய்ச்சு ஏத்திட்டீங்க.

ஈரமா இருக்குறப்பவே பிரைமரை ஆல்கஹால்ல துடைச்சு எடுங்க. அடுத்து பெயிண்ட் கடையில மெழுகு-எண்ணெய் நீக்கின்னு கேட்டு வாங்குங்க, ஏபிஎஸ்ஸுக்கு ஆகுமான்னு டப்பாவுல பாருங்க. ரெண்டு துணி முறை: ஒரு துணியில நனைச்சுத் தடவுங்க, அது காயறதுக்கு முன்னாடி காய்ஞ்ச ரெண்டாவது துணியால ஒரே திசையில எடுங்க. காய விட்டா சிலிக்கோன் அங்கேயே படியும். ஒவ்வொரு தடவையும் புதுத் துணி, மூணு தடவை. பிறகு சோப்பு, பேட்டரி தண்ணி, தண்ணி முத்து கட்டுதான்னு சோதனை. அதுக்கப்புறம்தான் புது 600 ஷீட். பழைய ஷீட்டைத் தூக்கிப் போடுங்க, அதுலயும் சிலிக்கோன் இருக்கு. மறுபடி பின்பக்கத்துல அடிச்சுப் பாருங்க. அப்பவும் ரெண்டு மூணு கண்ணு வந்தா முதல் கோட்டை ரொம்ப வறட்சியா தூவி 15 நிமிஷம் விட்டு மூடப் பாருங்க, ஈரமா அடிச்சா விலகும்.

பெயிண்ட் வேலை முடியுற வரைக்கும் அந்த வராண்டாவுல செயின் ஸ்ப்ரே, டயர் பாலீஷ், டபிள்யூடி-40 எதையும் அடிக்காதீங்க. காத்துல மிதந்து வந்தாலே போதும், மறுபடி கண்ணு வரும்.

#20 மஞ்சக்குப்பம்_கேரேஜ்

பிடியில தெரியுற சாம்பல் பூப்பு மிச்ச கோட்டிங்தான். காய்ஞ்சா வெளுத்துத் தெரியும், ஈரமா இருந்தா மறைஞ்சிடும், அதை வெச்சுக் கண்டுபிடிக்கலாம். புது டூத் பிரஷ், ஆல்கஹால், இன்னும் ரெண்டு சுத்து. பிறகும் இருந்தா சோப்புத் தண்ணியில அதே பிரஷ். பாலீஷ் போட்டு மறைக்காதீங்க, பக்கத்துல வென்ட் சட்டம் இருக்கு.

மாட்டும்போது பிடி ஸ்க்ரூவைக் கையால நாலு சுத்து ஏத்திட்டு அப்புறம் டிரைவர் போடுங்க. மிஷின் டிரைவர் வேண்டாம், ஏபிஎஸ் மரை ஒரு தடவை வழுக்கினா மறுபடி பிடிக்காது. டோர் பேனலைத் தட்டுறதுக்கு முன்னாடி ஜன்னல் சுவிட்ச் கனெக்டர் கிளிக் ஆச்சான்னு இழுத்துப் பாருங்க, கிளிப் ஒவ்வொண்ணும் அதோட ஓட்டைக்கு நேரா நிக்குதான்னு ஓரத்துல டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, கீழிருந்து மேல தட்டுங்க. பேட்டரி கடைசியா.

#21 முத்தியால்பேட்டை_11

மூணு தடவை ரெண்டு துணி முறை முடிஞ்சது. பின்பக்கச் சோதனையில கண்ணு வரல. மறுநாள் பிளேடால 2 மில்லிமீட்டர் இடைவெளியில கட்டம் கீறி டேப் ஒட்டி இழுத்தேன், ஒரு கட்டம்கூட வரல. நாளைக்குக் காலையில மானி 70-க்குக் கீழ காட்டினா முன்பக்கம் அடிக்கிறேன்.

#22 உப்புக்காத்து

இப்ப மேற்குக் காத்து. பத்து மணிக்கு அடிங்க, பன்னிரண்டுக்குள்ள அன்னைக்கு அடிக்க வேண்டிய கோட்டை முடிச்சுப் பாகத்தை வீட்டுக்குள்ள எடுத்துடுங்க.